அலகு குத்திய கன்னத்தில் தழும்பு இல்லை, காது குத்திய இடத்தில் கட்டி: ஏன்?

#1 கரும்புத்தோகை

மொரீசியசில் தைப்பூசக் காவடிக்கு அலகு குத்திக்கொள்பவர்களைக் கவனித்தால் ஒன்று புலப்படும். கன்னத்தில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்த வேல், எடுத்துப் பத்து நாளில் தேடினாலும் இடம் தெரிவதில்லை. நாக்கில் குத்தியது அதைவிடச் சீக்கிரம் ஆறுகிறது. அதே வீட்டுப் பெண்ணுக்குக் காது மடலின் மேல்பகுதியில் இன்னொரு துளை போட்டால், நாலைந்து மாதத்தில் பட்டாணி அளவு கட்டி கிளம்புகிறது. ஒரே ரத்தம், ஒரே உணவு. குத்தியது இரண்டும் உலோகம்தான்.

முருகன் அருள் என்று பெரியவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. அந்த அருள் தோல் செல்களுக்குள் எந்த வழியாக வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் இந்தக் கெட்டித் தழும்பை, அதாவது கீலாய்டை, மரபணுவில் வருவது, ஒன்றும் செய்ய முடியாது என்று பலர் கைவிட்டு விடுகிறார்கள். அது சரியா? அலகு குத்துபவர்களும் காது குத்துபவர்களும் நடைமுறையில் எதைக் கவனிக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள்.

#2 நாரிழை

நல்ல கேள்வி. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மரபணு வேறு, மரபணுவின் செயல்பாடு வேறு. கன்னத்துச் செல்லிலும் காது மடல் செல்லிலும் உள்ள டிஎன்ஏ எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, திறந்தது எத்தனை நாள் மூடாமல் கிடக்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது.

தோல் கிழிந்த சில நொடிகளில் விளிம்புச் செல்களுக்குள் கால்சியம் அலையாகப் பாய்கிறது. அரை மணிக்குள் ஃபாஸ், ஜுன் என்ற இரு மரபணுக்கள் விழிக்கின்றன. அவை தாமாக எதையும் கட்டுவதில்லை. அவற்றின் புரதங்கள் ஒன்று சேர்ந்து ஏபி-1 என்ற சாவியாகி மற்ற மரபணுக்களைத் திறந்துவிடுகின்றன. சில மணி நேரத்தில் மேல்தோல் செல்களில் கெரட்டின் என்ற நார்ப்புரதத்தின் 6, 16, 17 வகைகள் ஏறுகின்றன. வழக்கமான கெரட்டின் 1, 10 இறங்குகின்றன. விறைப்பாக அடுக்கில் நின்ற செல் நெகிழ்ந்து ஊரத் தயாராகிறது. அப்படி ஊரும் செல் கீழே உள்தோலுக்கு வலு தரும் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தின் முதல்வகையைத் தொட்டதும் எம்எம்பி-1 என்ற மரபணு திறக்கிறது. அதன் புரதம் ஒரு கத்தரி. காய்ந்த பொருக்குக்கும் ஈரச் சதைக்கும் நடுவே வழியை வெட்டிக்கொண்டு செல் முன்னேறுவது அதை வைத்துத்தான். எதிர் விளிம்புச் செல்லைத் தொட்டு, அடியில் புதிய அடித்தளச் சவ்வு உருவானதும் கத்தரி மரபணு மூடிக்கொள்கிறது.

பொருக்கு காயக் காய அந்தச் செல் இன்னும் ஆழத்தில் இறங்கி வழி தேட வேண்டியிருக்கிறது. ஜார்ஜ் வின்டர் 1962இல் பன்றித் தோலில் காட்டியது இதைத்தான்: மூடி ஈரமாக வைத்த புண்ணில், காய விட்ட புண்ணைவிட ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் மேல்தோல் மூடியது. “காற்றாட விடு, காயட்டும்” என்று நம் வீடுகளில் சொல்வது இந்த இடத்தில் தவறு.

தழும்பு என்பது மேல்தோலின் வேலை அல்ல. அது உள்தோலில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களின் வேலை. ரத்தம் உறையும்போதே தட்டணுக்கள் டிஜிஎஃப்-பீட்டா1 என்ற சமிக்ஞைப் புரதத்தைக் கொட்டுகின்றன. பின்னால் வரும் பெருவிழுங்கிச் செல்களும் அதையே ஊற்றுகின்றன. அது ஃபைப்ரோபிளாஸ்டின் மேல் வந்து உட்கார்ந்ததும் உள்ளே கொலாஜன் மரபணுக்களும் ஆக்டா2 என்ற மரபணுவும் திறக்கின்றன. ஆக்டா2 தசையில் இருப்பது போன்ற ஒரு சுருக்கு நாரைத் தருகிறது. அதன்பின் அந்தச் செல் தசைநார்ச் செல்லாக மாறிப் புண்ணின் விளிம்புகளை இழுத்துக் கட்டுகிறது. கட்டி முடிந்ததும், சாதாரணமாக மூன்று நான்கு வாரத்தில், அது தன்னைத்தானே அழித்துக்கொள்ள வேண்டும். அழியாமல் கொலாஜனை நூற்றுக்கொண்டே இருந்தால் புடைத்த தழும்பு.

நல்ல தோலில் கொலாஜன் கூடை முடைந்தது போலக் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். தழும்பில் ஒரே திசையில் அடுக்கிய வைக்கோல் போல் கிடக்கும். மயிர்க்கால் இல்லை, வியர்வைச் சுரப்பி இல்லை. இழுவைத் தாங்கும் வலிமை முதல் வார முடிவில் 3 சதவீதம், மூன்றாம் வாரத்தில் 20 சதவீதம், மூன்று மாதத்தில் 80 சதவீதம். அதற்கு மேல் ஏறுவதே இல்லை.

#3 மொக்கா மழை

நாரிழை ஐயா சொன்னதோடு இரண்டு சேர்க்கிறேன். ஒன்று ஆழம், ஒன்று இடம்.

ஆழம்: 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தன்னார்வலர்களின் இடுப்புத் தோலில் ஒரு முனை ஆழமாகவும் மறுமுனை வெறும் கீறலாகவும் முடியும் வெட்டு போட்டுப் பார்த்தார்கள். சுமார் 0.56 மில்லிமீட்டர், அதாவது அங்குள்ள தோல் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு மேலே இருந்த பகுதி தழும்பில்லாமல் ஆறியது. அதைத் தாண்டிய பகுதியில் தழும்பு. கரும்புத் தோகை கிழித்த கீறல் தடமில்லாமல் போவதும், கரும்பு வெட்டும் கத்தி பட்டது காலம் முழுக்க நிற்பதும் இந்தக் கோட்டின் இரு பக்கங்கள்.

ஆனால் கன்னத்து வேல் தோலை முழுதும் துளைத்துத்தான் போகிறது. அங்கே காப்பாற்றுவது இடம். வாயின் உள்சவ்வுச் செல்களில் சாக்ஸ்2, பிட்எக்ஸ்1 என்ற இரு மரபணுக்கள் காயம் படுவதற்கு முன்பே திறந்திருக்கின்றன. கைத்தோலில் அவை மூடியிருக்கும். அதாவது வாய், எப்போதும் புண்ணுக்குத் தயாராக இருக்கும் இடம். மனிதர்களின் வாயிலும் கையிலும் ஒரே அளவு சிறு புண் உண்டாக்கி, நாளுக்கு நாள் எந்தெந்த மரபணு திறக்கிறது என்று ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டார்கள். வாயில் அழற்சி மரபணுக்கள் கொஞ்சமாக எழுந்து சீக்கிரம் அடங்கின. கையில் அதிகமாக எழுந்து நீடித்தன.

முகத்தின் ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்குப் பூர்வீகமே வேறு. முதுகு, மார்புத் தோலின் செல்கள் கருவில் நடுப்படலத்திலிருந்து வருபவை. முகத்தினுடையவை நரம்பு முகடு என்ற பகுதியிலிருந்து வருபவை. ஒவ்வொன்றும் தான் உடலில் எங்கே இருக்கிறது என்பதை ஹாக்ஸ் மரபணுக்களின் திறப்பு வரிசையாக நினைவில் வைத்திருக்கிறது. செல்லைப் பிரித்தெடுத்துத் தட்டில் வளர்த்தாலும் அந்த முகவரி மறப்பதில்லை.

எலியின் முதுகுத் தோலில் எங்ரெயில்ட்-1 என்ற மரபணு எப்போதாவது திறந்த வம்சத்துச் செல்கள்தான் தழும்பைப் பெரும்பாலும் நெய்கின்றன என்று ஸ்டான்ஃபோர்டில் 2015இல் கண்டார்கள். 2021இல் அடுத்த படி: புண்ணின் இழுவையை உணரும் ஒய்ஏபி என்ற புரதத்தை வெர்டிபோர்ஃபின் மருந்தால் தடுத்தபோது எங்ரெயில்ட்-1 புதிதாகத் திறக்கவில்லை. 30 நாளில் எலித்தோல் மயிரும் சுரப்பியும் சேர்ந்து திரும்பியது. தழும்பு என்பது கட்டாயம் அல்ல, தோல் எடுக்கும் ஒரு வழி என்று அதைப் படித்தால் புரியும்.

#4 வேல்விழி

மொக்கா மழை அண்ணா, அந்த மருந்து இங்கே பார்மசியில் கிடைக்குமா? கீலாய்டு வந்தவர்களுக்குப் போடலாமா?

#5 மொக்கா மழை

வேண்டாம் தங்கச்சி. வெர்டிபோர்ஃபின் கண்ணின் விழித்திரை நோய்க்கு நரம்பில் ஏற்றி, பிறகு லேசர் ஒளி பாய்ச்சித் தூண்டும் மருந்து. ஏற்றியவர்கள் சில நாள் வெயிலில் வரவே கூடாது. நான் சொன்னது எலி முதுகில் நடந்தது. எலித்தோல் தளர்ந்தது, பெரும்பாலும் சுருங்கியே மூடும். நம் தோல் இறுக்கமானது. அங்கே பலித்தது எல்லாம் இங்கே பலிக்காது.

இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. கருவில் சுமார் 24 வாரம் வரை சிசுவின் தோலில் புண் பட்டால் தழும்பே விழாது. அந்தக் கட்டத்தில் டிஜிஎஃப்-பீட்டா3 கூடுதல், பீட்டா1 குறைவு. அதைக் கண்ட மான்செஸ்டர் ஆய்வாளர்கள் பீட்டா3யையே மருந்தாக்கி, வெட்டிய விளிம்பில் ஊசியாகப் போட்டார்கள். ஆரம்பச் சோதனைகள் நம்பிக்கை தந்தன. 2011இல் பெரிய மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றது. ஒரு சமிக்ஞையை மட்டும் மாற்றி அந்த நாடகம் முழுவதையும் திருப்ப முடியவில்லை.

#6 வேல்விழி

அப்படியானால் டிஜிஎஃப்-பீட்டா1ஐ மொத்தமாக நிறுத்திவிட்டால்?

#7 நாரிழை

புண் ஒழுங்காக மூடாது. அதே சமிக்ஞைதான் இழுத்துக் கட்டும் செல்லை உண்டாக்குகிறது, பெருவிழுங்கிகளை அழைத்து வருகிறது, அழற்சியை அடக்கவும் செய்கிறது. முதல் பத்து நாளில் அது நமக்கு வேண்டும். ஆறாவது வாரத்திலும் அது ஓயாமல் இருந்தால்தான் ஆபத்து. காயத்துக்குத் தொடக்கத்திலேயே ஸ்டீராய்டு களிம்பு தடவுபவர்கள் செய்யும் பிழை இது. ஆறவேண்டிய புண் ஆறாமல் நின்று, பிறகு அதுவே பெரிய தழும்பாகிறது.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். கன்னத்து அலகுக்கும் காதுத் துளைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் குத்தியதில் இல்லை, எடுத்ததில் இருக்கிறது. வேல் சில மணி நேரம் இருந்து வெளியே வந்துவிடுகிறது. கூரான மெல்லிய முனை நார்களை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகிறது. எடுத்ததும் அவை திரும்ப வந்து பொருந்துகின்றன. காதணியோ துளைக்குள்ளேயே மாதக்கணக்கில் கிடக்கிறது. மேல்தோல் செல் எதிர் விளிம்பைத் தேடி ஊர்ந்து வந்தால் உலோகம்தான் தட்டுப்படுகிறது. அது துளையைச் சுற்றிக் குழாயாகப் படியும் வரை “காயம் இன்னும் திறந்திருக்கிறது” என்ற செய்தி கீழே போய்க்கொண்டே இருக்கும். மேல்தோல் இன்டர்லூக்கின்-1 என்ற அழற்சிச் சமிக்ஞையைக் கீழே அனுப்ப, ஃபைப்ரோபிளாஸ்ட் அதைக் கேட்டு நூற்றுக்கொண்டே இருக்கிறது. மடல் மென்சதையில் இது ஆறு முதல் எட்டு வாரம். மேல் குருத்தெலும்பில் ரத்த ஓட்டம் குறைவு, நாலு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். நகையில் நிக்கல் இருந்து ஒவ்வாமையும் சேர்ந்தால் அழற்சி மரபணுக்கள் அடங்க வழியே இல்லை.

தழும்பின் அளவை வெட்டின் நீளத்தைவிட, அழற்சி எத்தனை நாள் எரிந்தது என்பதுதான் தீர்மானிக்கிறது. தீப்புண்ணில் இது கண்கூடு. 1983இல் வெளியான கணக்கு ஒன்று இன்றும் அறுவை மருத்துவர்கள் கையில் வைத்திருப்பது: 14 முதல் 21 நாளில் ஆறிய இடங்களில் மூன்றில் ஒன்று புடைத்தது, 21 நாளுக்கு மேல் இழுத்த இடங்களில் 78 சதவீதம் புடைத்தது. மூன்று வாரத்தில் மூடாது என்று தெரியும் தீப்புண்ணுக்கு முன்கூட்டியே தோல் ஒட்டுவது இதனால்தான்.

#8 கரும்புத்தோகை

தெளிவாக இருக்கிறது ஐயா. ஆனால் ஒரே கடையில் ஒரே நாளில் குத்திய பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டும் கீலாய்டு வருவதை இது முழுதும் விளக்கவில்லையே. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வருகிறது. அப்படியானால் அது விதிதானே?

#9 நாரிழை

குடும்பத்தில் வருவது உண்மை. நம்மைப் போன்ற கருந்தோல் மக்களுக்கும் ஆப்பிரிக்க, கிழக்காசிய மக்களுக்கும் அதிகம் வருவதும் உண்மை. ஜப்பானியர்களிடம் 2010இல் நடத்திய மரபணுத் தேடலில் சில இடங்கள் சிக்கின. அவற்றில் ஒன்று 15ஆம் குரோமோசோமில் உள்ள நெட்4 என்ற மரபணுவுக்குள் இருந்தது. ஆனால் கீலாய்டுக்கான மரபணு என்று ஒற்றை ஒன்று கிடையாது. சின்னச் சின்ன சாய்வுகள் பல கூடி, அடங்க வேண்டிய செல் அடங்கத் தயங்கும் உடலைத் தருகின்றன.

அதே உடலில் அடிவயிற்று ஆபரேஷன் கோடு நூலாக ஆறியிருக்கும், மார்பு நடுவில் ஒரு பரு வெடித்த இடம் கீலாய்டாகி இருக்கும். கண் இமையில், உள்ளங்கையில், உள்ளங்காலில் அவர்களுக்கும் ஏறத்தாழ வருவதே இல்லை. டிஎன்ஏ எங்கும் ஒன்றுதான் என்றால் இதை விதி என்று எப்படிச் சொல்வது? இழுவை உள்ள இடம், அழற்சி நீண்ட இடம் என்ற இரண்டும் கூடினால்தான் அந்தச் சாய்வு வெளியே வருகிறது. அந்த இரண்டும் நம் கையில் இருப்பவை.

இன்னொன்று முக்கியம். காதில் மூக்கில் வரும் கட்டி எல்லாம் கீலாய்டு அல்ல. குத்திய சில வாரத்தில் வந்து, சிவந்து, ஈரமாக, தொட்டால் ரத்தம் கசிந்தால் அது சதைத் துருத்தல். உராய்வை நிறுத்தி, நகையைச் சரியான நீளத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். கீலாய்டு மூன்று மாதம் முதல் ஓராண்டு கழித்துக் கிளம்பும். கெட்டியாக, பளபளப்பாக, அரிப்போடு, துளையின் எல்லையைத் தாண்டி நல்ல தோலுக்குள் பரவும். எல்லைக்குள்ளேயே புடைத்து, ஓராண்டில் தானாகத் தணிவது புடைத்த தழும்பு. இந்த மூன்றுக்கும் வைத்தியம் வெவ்வேறு. மூக்குத்தியில் வருவது பெரும்பாலும் முதல் வகை. அதைக் கீலாய்டு என்று பயந்து சுடுவதும் அறுப்பதும்தான் அதை உண்மையிலேயே கெடுக்கிறது.

#10 பச்சிலை

புண் கட்டுவோர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். காவடிக்குத் தயாராகிறவர்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

வேலும் கொக்கியும் கொதிநீரில் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கொதிநீரில் இரண ஜன்னிக் கிருமியின் விதைத்துகள் சாகாது. அதாவது டெட்டனஸ். அழுத்த நீராவியில் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தத்தில் குறைந்தது 30 நிமிடம் வேண்டும். துணியில் தனித்தனியாகச் சுற்றி, ஆவி ஊடுருவும்படி தளர்வாக அடுக்க வேண்டும். முதலில் சோப்பும் தூரிகையும் வைத்துத் தேய்த்துக் கழுவாமல் வைத்தால், போன ஆண்டு ரத்தம் காய்ந்த பூச்சுக்கு அடியில் கிருமி பத்திரமாக இருக்கும். ஒருவர் வேல் இன்னொருவருக்கு, அன்றைக்கு, சும்மா துடைத்து மாற்றுவது கூடவே கூடாது. ஹெபடைடிஸ் பி அந்த வழியாகவும் பரவும். டெட்டனஸ் ஊசி கடைசியாகப் போட்டுப் பத்தாண்டு ஆகியிருந்தால் விரதம் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள்.

முதுகிலும் மார்பிலும் கொக்கி மாட்டுவது கன்னத்து அலகு போல அல்ல. எலுமிச்சைகள் தொங்கி, நடக்க நடக்க ஒவ்வொரு துளையும் கீழே இழுபடுகிறது. மொக்கா மழை சொன்ன ஒய்ஏபி, இழுவையைத்தான் கேட்கிறது. நடு மார்பு, தோள், மேல்முதுகு மூன்றும் கீலாய்டுக்குப் பெயர்போன இடங்கள். குடும்பத்தில் கீலாய்டு உள்ளவர் அங்கே மாட்டாமல் இருப்பது நல்லது. மாட்டினால் கனமில்லாத சிறு பழம் போதும்.

எலுமிச்சையைப் பற்றி இன்னொன்று. சாறு தோலில் பட்டு, ஜனவரி வெயிலில் மணிக்கணக்காக நடந்தால், ஃப்யூரோகூமரின் என்ற பொருள் புறஊதாக் கதிரில் தூண்டப்பட்டுத் தோலைச் சுடும். ஓரிரு நாள் கழித்துக் கொப்புளம், பிறகு ஒழுகிய கோடு போலக் கருமை, மாதக்கணக்கில். பலர் இதைக் கொக்கித் தழும்பு என்று நினைக்கிறார்கள். கொக்கி ஏறும்போது பழம் பிதுங்கினால் அங்கேயே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

விபூதி. நெற்றிக்கு இடுங்கள், உடம்பில் பூசுங்கள். துளை வாயில் மட்டும் அமுக்க வேண்டாம். அப்போதுதான் எரித்த சாம்பல் சுத்தமானதுதான், ஆனால் தட்டில் நூறு விரல் பட்டது அப்படி இல்லை. தூள் உள்ளே தங்கினால் பெருவிழுங்கி அதை விழுங்க முடியாமல் அங்கேயே முகாமிடும். ஐயா சொன்ன அழற்சி நாள்கள் கூடும். சில நேரம் சாம்பல் நிறப் புள்ளியாகப் பச்சை குத்தியது போல நின்றுவிடும்.

எடுத்தபின்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்பு, அதில் கழுவினால் போதும். ஸ்பிரிட்டும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியோடு சேர்த்துப் புதிதாக ஊர்ந்து வரும் செல்லையும் கொல்லும். நுரை வந்தால் சுத்தமாகிறது என்று எண்ண வேண்டாம். மெல்லிய வாஸலின், மேலே மூடும் பட்டை, தினம் ஒரு முறை மாற்றம். வியர்த்து நனைந்தால் உடனே மாற்றம். வாய்க்குள் அதே உப்புநீரில் சாப்பிட்டதும் கொப்பளித்தால் போதும்.

#11 வேல்விழி

மஞ்சள் பூசலாமா அக்கா? வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவுகிறார்களே, அது?

#12 பச்சிலை

மஞ்சளில் உள்ள குர்குமின் தட்டில் வளர்த்த செல்லில் அழற்சி மரபணுக்களை அடக்குகிறது, அது சரி. ஆனால் அம்மியில் அரைத்த மஞ்சள் கிருமி நீக்கியது அல்ல. மூடாத துளைக்கு வேண்டாம். மூடிய தோலுக்குப் பூசுவதில் தீங்கில்லை.

வைட்டமின் ஈ-யைச் சோதித்தார்கள். 1999இல் வெளியான சிறு ஆய்வில் ஒவ்வொருவரின் தழும்பிலும் பாதியில் வைட்டமின் ஈ கலந்த களிம்பு, பாதியில் வெறும் களிம்பு. தழும்பு மேம்படவில்லை. மூன்றில் ஒருவருக்குத் தோல் ஒவ்வாமை வந்தது. அரிப்பு வந்தால் சொறிவார்கள், சொறிந்தால் மறுபடி அழற்சி. விட்டுவிடுங்கள்.

உள்ளே போக வேண்டிய வைட்டமின் சி. கொலாஜன் மரபணு எவ்வளவு திறந்தாலும், அதன் நூலை முறுக்கேற்றும் நொதிக்கு வைட்டமின் சி இல்லாவிட்டால் கயிறு நிற்காது.

#13 மொக்கா மழை

பச்சிலை அக்கா சொன்னதற்கு வரலாற்றில் நெஞ்சை உலுக்கும் சான்று இருக்கிறது. 1740களில் ஆன்சன் என்ற ஆங்கிலேயக் கடற்படைத் தளபதியின் உலகப் பயணக் கப்பலில், வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோய் பரவியபோது, ஐம்பது ஆண்டுக்கு முன் அயர்லாந்தில் நடந்த போயின் போரில் வாங்கிய வெட்டு ஒரு மாலுமிக்குத் திரும்பப் பிளந்தது. ஆறிய தழும்பு என்பது முடிந்துபோன வேலை அல்ல. அங்கே கொலாஜன் நாள்தோறும் அறுபட்டு, நாள்தோறும் நெய்யப்படுகிறது. நெய்வது நின்றால் அறுப்பது மட்டும் மிஞ்சும். பழைய தழும்புக்கும் இன்று வைத்தியம் பலிப்பது இதே காரணத்தால்தான்.

பத்து நாள் விரதத்தில் புலால் இல்லை என்பதால் புரதம் குறையக் கூடாது. வெந்த பருப்பு ஒரு கோப்பையில் சுமார் 18 கிராம் புரதம் இருக்கிறது. தயிர், கடலை சேர்த்துக்கொள்ளலாம். கொய்யா 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி.

#14 கரும்புத்தோகை

தீமிதியையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறேன். நம் நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. அவர்கள் தீமிதிக்கும்போது பாதத்தில் என்ன நடக்கிறது?

#15 நாரிழை

இது உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய இடம். ஆறுகிற புண்ணில் முதலில் வரும் பெருவிழுங்கி சண்டைக்காரன்: கிருமியைக் கொன்று, குப்பையை விழுங்கும். மூன்று நான்கு நாளில் அவனே கட்டுமானக்காரனாக மாற வேண்டும். சர்க்கரை உள்ளவர்களில் அந்த மாற்றம் நின்றுபோகிறது. டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஒட்டும் குறிகள், அழற்சி மரபணுக்களைத் திறந்த நிலையிலேயே பூட்டி வைக்கின்றன. எலிகளில் இந்தக் குறி எலும்பு மஜ்ஜையின் தாய்ச் செல்லிலேயே விழுவதைக் கண்டிருக்கிறார்கள். புண்ணுக்கு வருமுன்பே அந்தச் செல் கோபத்தோடு பிறக்கிறது. சர்க்கரையை இந்த வாரம் குறைத்தாலும் அடுத்த வாரமே புண் சீராவதில்லை என்பதற்கு இது ஒரு காரணம். கூடவே எம்எம்பி-9 என்ற கத்தரி மிகுந்து, கட்டுகிற நாரையே வெட்டித் தள்ளுகிறது.

ஆகவே அங்கே தழும்பு கவலை இல்லை, மூடாமை கவலை. உணர்வு மங்கிய பாதத்துக்குச் சூடு தெரியாது. கட்டைவிரலிலும் முன்பாதத்திலும் 10 கிராம் நைலான் நூல் சோதனையை முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள். நூல் வளையும் அளவு அழுத்தியும் தெரியாவிட்டால், தீயில் இறங்காமல் வேறு நேர்த்தியால் அம்மனைக் கும்பிடுவதே சரி. இறங்கியவர்கள், பால் பள்ளத்தைத் தாண்டியதும் ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பாதத்தைக் காட்டுங்கள். பால் சுத்தம் செய்யாது. ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம். குளிர்நீர் தீப்பட்டு மூன்று மணி நேரத்துக்குள் தந்தால் பயன் உண்டு. அன்றிரவு ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள், ஒரு வாரம் தினமும்.

நேரமும் விளையாடுகிறது. ஃபைப்ரோபிளாஸ்டுக்குள் நாள் முழுக்க ஓடும் கடிகார மரபணுக்கள் உண்டு. 118 தீப்புண் நோயாளிகளின் பதிவை 2017இல் ஆராய்ந்தபோது, இரவில் பட்ட புண் ஆற சராசரி 28 நாள், பகலில் பட்டது 17 நாள். பகலில் அந்தச் செல் வேகமாக ஊர்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு பகல் தீமிதி பயமில்லை என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

#16 வேல்விழி

ஏற்கெனவே தழும்பு புடைத்தவர்களுக்கு வழி சொல்லுங்கள்.

#17 பச்சிலை

புண் முழுதும் மூடியபின்தான் எதுவும். சிலிகோன் தாள்: ஒரு நாளில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதம். அது கொலாஜனைத் தொடுவதே இல்லை. மேல்தோலின் ஈரத்தைக் காக்கிறது, நனைந்த மேல்தோல் இன்டர்லூக்கின்-1 அனுப்புவதைக் குறைக்கிறது, கீழே ஃபைப்ரோபிளாஸ்ட் அடங்குகிறது. கடற்கரைப் பக்கத்துப் புழுக்கத்தில் முதல் நாளே 12 மணி ஒட்டினால் வேர்க்குரு வரும். 4 மணியில் தொடங்கி இரண்டிரண்டு மணியாகக் கூட்டுங்கள். தாளையும் தோலையும் தினம் சோப்பில் கழுவிக் காய வைத்து ஒட்டுங்கள். பலருக்குப் பலிக்காமல் போவது அழுக்குத் தாளால்தான்.

இழுவை உள்ள இடத்துத் தையல் கோட்டுக்கு, தையல் பிரித்த நாளிலிருந்து காகிதப் பட்டையைக் கோட்டின் குறுக்கே, மூன்று மாதம் வரை. தானாக உரியும்வரை விட்டுவிட்டு, புதிதாக ஒட்டினால் போதும். வெயிலில் எஸ்பிஎஃப் 30க்கு மேல் உள்ள பூச்சு அல்லது துணி. நம் தோலில் தழும்பைவிடக் கருமைதான் அதிகம் நிற்கிறது.

கீலாய்டுக்கு ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. கட்டிக்குள்ளேயே, மில்லிலிட்டருக்கு 10 முதல் 40 மில்லிகிராம் செறிவில், 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு முறை, பல தடவை. அது கொலாஜன் மரபணுவை மூடி, கத்தரிகளைக் கட்டவிழ்க்கிறது. கட்டிக்கு வெளியே போனால் தோல் பள்ளமாகும், கருந்தோலில் வெள்ளைத் திட்டு மாதக்கணக்கில் இருக்கும். முதல் ஊசி கெட்டிக் கட்டிக்குள் எளிதில் ஏறாது. அனுபவமுள்ள தோல் மருத்துவர்தான் போட வேண்டும். வெறுமனே அறுத்து மட்டும் எடுத்தால் பாதிப் பேருக்காவது திரும்ப வரும், முன்னைவிடப் பெரிதாக. அறுத்தபின் ஊசியோ, ஓரிரு நாளுக்குள் தொடங்கும் கதிர்வீச்சோ, அழுத்தக் காதணியோ சேர வேண்டும். அழுத்தக் காதணி ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல், ஆறு மாதம். மடல் வெளுத்துப்போகும் அளவு இறுக்கினால் புண்ணாகும்.

#18 கரும்புத்தோகை

கடைசியாக ஒன்று. குழந்தைக்குக் காது குத்தும் சடங்கைத் தள்ளிப் போடுவது நல்லதா, சீக்கிரம் குத்துவது நல்லதா?

#19 மொக்கா மழை

குடும்பத்தில் கீலாய்டு இருந்தால் நம் வழக்கம்தான் நல்லது. 2005இல் வெளியான, கீலாய்டு உள்ளவர்களிடம் எடுத்த சிறு கணக்கெடுப்பில், 11 வயதுக்கு முன் குத்தியதைவிட அதற்குப் பின் குத்தியபோது கீலாய்டு வருவது மூன்று மடங்குக்கும் மேல்: 23.5 சதவீதத்துக்கு எதிராக 80 சதவீதம். எண்ணிக்கை சிறியது, ஆனால் பருவ வயதில்தான் இது மிகுதியாக வருகிறது என்று மருத்துவர்கள் காண்பதோடு ஒத்துப்போகிறது. குழந்தைக்கு முதல் இரண்டு டெட்டனஸ் ஊசி முடிந்தபின், மடலின் மென்சதையில் மட்டும், சுத்தத் தங்கம் அல்லது டைட்டானியத்தில் குத்துங்கள். திருகாணியைப் பின்பக்கம் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத் திருகுங்கள். வீங்கும் மடலுக்கு அந்த இடம் வேண்டும். மேல் குருத்தெலும்பில் மட்டும் அந்தக் குடும்பத்தார் எந்த வயதிலும் குத்த வேண்டாம்.